பார்டரில் பாஸா, ஃபெயிலா?

எங்கள் மாடி வீட்டு அக்காவுக்கு வயிறு லேசாக உப்ப ஆரம்பித்தபோது, பீர்க்கன்கரணையில் எங்கள் தெருவே சந்தோஷப்பட்டது. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் "விசேஷமா?" என்று கேட்டார்கள். அக்காவுக்கோ மாதவிலக்கு ஒரு மாதம்கூடத் தவறவில்லை. கேஸ் என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்தே நாலு மாதம் ஓட்டினார். கடைசியில் ஸ்கேன் எடுத்தால் இடது சினைப்பையில் 16 செ.மீ. கட்டி. ஒரு சின்ன முலாம்பழம் அளவு!

உடனே "அடையாறுக்குப் போயிடுங்க" என்றார் ஒரு மாமி. எங்கள் பக்கத்தில் அடையாறு என்பது ஊர்ப் பெயர் இல்லை, வியாதியின் பெயர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் அங்கே தொடங்கிய மருத்துவமனை எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனாலும் அந்தப் பெயரைக் கேட்டதும் அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

கடைசியில் நகரத்தில் வேறொரு மருத்துவமனையில் ஆபரேஷன் நடந்தது. பத்து நாள் கழித்து பயாப்ஸி ரிப்போர்ட் வந்தது. 'பார்டர்லைன்' என்று போட்டிருந்தது. நான் அப்போது எம்.பி.பி.எஸ். இரண்டாம் வருஷம். தெருவுக்கே நான்தான் டாக்டர் (சிரிக்காதீர்கள்). ரிப்போர்ட்டை நீட்டி அக்கா கேட்டார்: "இது பார்டர்ல பாஸா, ஃபெயிலா?"

எங்கள் பாடப் புத்தகத்தில் இதற்கு அரைப் பக்கம்தான். ஆனால் டாக்டர்களையே ரொம்ப காலம் குழப்பிய கேள்வி இது. இப்படி ஒரு நடுவாந்திரக் கட்டி இருக்கிறது என்று 1929-ல் ஹோவர்ட் டெய்லர் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதினார். உலக சுகாதார நிறுவனம் அதைத் தனி வகையாக ஏற்றது 1973-ல்தான். செல்கள் புற்றுநோய் போலவே அடுக்கடுக்காகப் பெருகும். ஆனால் அடியிலுள்ள திசுவைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகாது. களை மண்டிக் கிடக்கும், ஆனால் வேர் இறங்காது, அது மாதிரி.

சினைப்பையின் மேலுறைச் செல்களில் வரும் கட்டிகளில் 10 முதல் 15 சதவீதம் இந்த வகை. புற்றுநோயைவிட இளவயதிலேயே வரும். சுமார் மூன்றில் ஒருவர் நாற்பது வயதுக்குக் கீழே. வயிறு உப்பல், அடிவயிற்று வலி, இல்லாவிட்டால் ஒன்றுமே தெரியாது. சி.ஏ. 125 ரத்தப் பரிசோதனையும் முழுக்க நம்பக்கூடியது இல்லை. ஸ்கேன் சந்தேகம் கிளப்பும், முடிவு சொல்லாது. ஆபரேஷன் நடக்கும்போதே ஒரு துண்டை உறையவைத்துப் பார்ப்பார்கள். பெரிய கட்டி என்றால் அதுவும் தவறலாம்.

சொந்தக்காரர்கள் விடவில்லை. "எல்லாத்தையும் எடுத்துட்டு கீமோ குடுத்துடலாம்" என்றார்கள். இந்த இடத்தில்தான் பெயர் முக்கியமாகிறது. கேன்சர் என்று நினைத்தால் இரண்டு சினைப்பையும் கருப்பையும் போய்விடும். பார்டர்லைன் கட்டி பரவாமல் இருந்து, பெண்ணும் குழந்தை வேண்டும் என்றால், கட்டியிருந்த பக்கத்துச் சினைப்பையையும் குழாயையும் மட்டும் எடுத்தால் போதும். கூடவே வயிற்றைக் கழுவிய நீர், குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரை இதையெல்லாம் சோதனைக்கு எடுப்பார்கள். கட்டியை மட்டும் உரித்தெடுப்பதும் உண்டு. அதில் திரும்ப வரும் வாய்ப்பு கூடுதல். கீமோ பொதுவாக இதற்குப் பலன் தருவதில்லை. முதல் நிலையிலேயே கண்டுபிடித்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் நன்றாக இருப்பார்கள். அக்காவுக்கு முதல் நிலைதான். வலது பக்கம் அப்படியே இருந்தது.

நான் பெருமையாகச் சொன்னேன்: "பாஸ் அக்கா! இனி ஒண்ணும் இல்ல."

அங்கேதான் தப்பு செய்தேன். இந்தக் கட்டி மெதுவாகத் திரும்பி வரும் ஜாதி. பத்து வருஷம் கழித்தும் வரலாம். வந்தால் பெரும்பாலும் பார்டர்லைனாகவே வரும், மறுபடி ஆபரேஷன் செய்யலாம். அபூர்வமாகப் புற்றுநோயாகவும் வரலாம். என் 'பாஸை' நம்பி அக்கா இரண்டு செக்கப்பை விட்டுவிட்டார். ஒரு வருஷம் கழித்து, ஃபைல் பீரோ மேலே தூசியாகக் கிடந்ததைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாளே பெருங்களத்தூர் ஸ்டேஷனில் ரயிலேற்றி கூட்டிப்போனேன். வலது சினைப்பையில் 3 செ.மீ. நீர்க்கட்டி! ஆறு வாரம் பொறுத்துப் பார்க்கலாம் என்றார்கள். மாதாமாதம் வந்து போகிற சாதாரணக் கட்டியாக இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? அந்த ஆறு வாரமும் மாடிப்படி பக்கமே போகாமல் ஒளிந்து திரிந்தேன். அக்கா ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. ஆறாவது வாரம் கட்டி காணவில்லை.

திரும்பும்போது ரயிலில் அக்கா கேட்டார், "இன்னும் எத்தனை வருஷம் இப்படி வரணும்?"

"பத்து வருஷத்துக்கு மேலயும் பாத்துக்கணும்க்கா."

"அதுக்குள்ள நீ டாக்டர் ஆயிடுவ. நான் ஃபீஸ் எல்லாம் தர மாட்டேன்."