நகர மையம் சும்மா நின்ற நேரம்

நிகழ்நேர உத்தி விளையாட்டில் தோற்பவருக்குத் தாம் எப்போது தோற்றோம் என்பது பெரும்பாலும் தெரிவதில்லை. முப்பதாம் நிமிடத்தில் எதிராளியின் குதிரைப்படை மதிலை உடைத்து உள்ளே நுழையும்போதுதான் தோற்றதாகத் தோன்றும். ஆனால் தோல்வி பத்தாம் நிமிடத்திலேயே, யாரும் யாரையும் தாக்காத அமைதியில், நடந்து முடிந்திருக்கும். பெங்களூரில் முனைவர் பட்ட ஆய்வின் நான்காம் ஆண்டில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு இது விளங்க ஏறத்தாழ 200 ஆட்டங்கள் தேவைப்பட்டன.

தென்காசிப் பக்கத்துக் கிராமம், பொருளறிவியல் ஆய்வு, வயது 29. சிறுவயதில் ஆச்சியோடு ஆடிய பல்லாங்குழியும் ஆடுபுலி ஆட்டமும் தவிர அவருக்கு விளையாட்டுப் பழக்கம் எதுவும் இருந்ததில்லை. ஆய்வகத்தில் அவருக்கு இரண்டாண்டு இளையவரான ஹாசன்காரர் ஒருவர்தான் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ விளையாட்டை அறிமுகப்படுத்தினார். 1999இல் வெளிவந்து, 2019இல் புதுப்பிக்கப்பட்டு, இன்றும் ஆடப்படும் விளையாட்டு அது. 2022 ஏப்ரலில் அதில் இந்திய நாகரிகங்கள் விரிவாகச் சேர்க்கப்பட்டன. அவற்றுள் ஒன்று ‘திராவிடர்’. அவர்களுக்கு உருமி வீசும் காலாட்படை உண்டு; திரிசடை என்ற போர்க்கப்பல் உண்டு; இராஜேந்திர சோழனின் படையெடுப்புகளைத் தொடரும் தனிக்கதையும் உண்டு. கட்டளையிட்டால் ஆட்கள் தமிழில் மறுமொழி சொல்வார்கள். அந்தக் குரலைக் கேட்பதற்காகவே அவர் விளையாட்டை வாங்கினார்.

இராஜேந்திரன் கதையை எளிய நிலையில் முடித்தபின், உலகத்தாரோடு மோதும் தரவரிசை ஆட்டத்துக்குள் இறங்கினார். சதுரங்கத்தைப் போலவே அங்கும் ஈலோ முறைப்படி புள்ளி. எல்லோரும் 1000இல் தொடங்குகிறார்கள். ஒரே மாதத்தில் அவர் 760க்கு வந்து சேர்ந்தார்.

ஆடுபுலி ஆட்டத்தில் புலி நகரும்வரை ஆடு காத்திருக்கும். இங்கே யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. மூன்று கிராமவாசிகள், ஒரு வேவுக்காரர், ஒரு நகர மையம் ஆகியவற்றோடு ஆட்டம் தொடங்குகிறது. நகர மையம் 50 உணவைப் பெற்றுக்கொண்டு 25 விநாடிக்கு ஒரு கிராமவாசியை உருவாக்கும். தரவரிசை ஆட்டத்தில் காலம் 1.7 மடங்கு வேகமாக ஓடுவதால், நம் கடிகாரத்தில் அது 15 விநாடிதான். ஐந்து பேருக்கு ஒரு வீடு கட்ட வேண்டும். கட்டத் தவறினால் உற்பத்தி நின்றுவிடும். அதற்கிடையே ஆடுகளைத் தேட வேண்டும், காட்டுப்பன்றியை வீட்டருகே இழுத்துவர வேண்டும், விறகு வெட்டுபவரைப் பார்க்க வேண்டும், எதிராளி என்ன செய்கிறார் என்று வேவு பார்க்க வேண்டும். இவற்றில் எதுவுமே கடினமில்லை. எல்லாமே ஒரே நேரத்தில் வருவதுதான் கடினம்.

தோல்விக்கு அவர் கண்ட மருந்து படிப்பு. வல்லுநர்களின் காணொளிகளைப் பார்த்தார். எத்தனையாவது கிராமவாசியோடு அடுத்த யுகத்துக்குச் செல்வது, எந்தப் படைக்கு எது எதிர்ப்படை என்றெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதினார். 1200 புள்ளிக்காரருக்குத் தெரிந்ததைவிட அவருக்குக் கூடுதலாகவே தெரிந்திருந்தது. புள்ளி மட்டும் அசையவில்லை.

விளையாட்டில் தோற்றாலும் ஆய்வுக் கட்டுரையைத் தேடுவது ஆய்வு மாணவர்களின் தீராத நோய். அவரும் தேடினார். 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில், விளையாடாத 72 பெண்களுக்கு 40 மணி நேர விளையாட்டுப் பயிற்சி தரப்பட்டது. சிலருக்கு ‘சிம்ஸ்’, மற்றவர்களுக்கு ‘ஸ்டார்கிராஃப்ட்’ என்ற உத்தி விளையாட்டு. பின்னதை ஆடியவர்களின் மனநெகிழ்வு கூடியதாக முடிவு. போதுமான எண்ணிக்கையில் விளையாடாத ஆண்கள் கிடைக்காததால்தான் பெண்களை மட்டும் சேர்த்தார்களாம்! அவர் 40 மணி நேரத்தை எப்போதோ கடந்திருந்தார்; நெகிழ்ந்தது பொறுமை மட்டுமே. 2014இல் கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட கட்டுரை இன்னும் கசப்பானது. 3,305 ஸ்டார்கிராஃப்ட் ஆட்டக்காரர்களை ஆராய்ந்து, பார்த்ததற்கும் செயல்படுவதற்கும் இடையிலான வேகம் 24 வயதிலிருந்தே குறையத் தொடங்குகிறது என்றார்கள். வயது கூடியவர்கள் எளிய உத்திகளாலும் விசைகளைத் திறம்படப் பயன்படுத்துவதாலும் அதை ஈடுகட்டக்கூடும் என்ற குறிப்பு சிறு ஆறுதல்.

ஆனால் உதவியது அதே குழுவின் 2013ஆம் ஆண்டுக் கட்டுரை. ஏழு திறன்நிலைகளைச் சேர்ந்த 3,360 பேரின் ஆட்டப் பதிவுகளை அது அலசியது. ஒரு நிலையிலிருப்பவரையும் அதற்கு அடுத்த நிலையிலிருப்பவரையும் வேறுபடுத்தும் கூறுகள் எல்லாப் படிகளிலும் ஒன்றாக இல்லை. கீழ்ப்படியில் முக்கியமானது மேற்படியில் அதே எடையோடு இருப்பதில்லை. அப்படியானால் வல்லுநரைப் பார்த்துப் படியெடுப்பது கீழ்ப்படியில் இருப்பவருக்குப் பெரிய பயன் தராது. அவருடைய படியில் எது தடை என்பதை அவருடைய பதிவுதான் காட்டும்.

அதைத்தான் அவர் பார்க்கவே இல்லை. “அக்கா, தோத்த ஆட்டத்த ஒரு தடவையாவது திரும்பப் பாத்தீங்களா?” என்று ஹாசன்காரர் கேட்டபோது பதில் இல்லை. பிறர் வென்ற ஆட்டங்களை மணிக்கணக்கில் பார்த்தவருக்குத் தம் தோல்வியை நாற்பது நிமிடம் பார்க்கக் கூச்சமாக இருந்தது. உலையில் மாதிரிகள் வெந்துகொண்டிருந்த ஓர் இரவில் இருவரும் உட்கார்ந்து பார்த்தார்கள். முதல் 20 நிமிடத்தில் நகர மையம் ஆறு நிமிடம் சும்மா நின்றிருந்தது. அதாவது 14 கிராமவாசிகள் பிறக்கவேயில்லை. அந்த நேரத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? தம் வேவுக்காரர் எதிராளியின் வேவுக்காரரோடு சண்டையிடுவதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சண்டையில் வென்றும் இருந்தார்.

பிறகு நோட்டுப் புத்தகத்தில் ஒரே ஓர் எண்ணை மட்டும் எழுதத் தொடங்கினார்: நகர மையம் சும்மா நின்ற நேரம். எது செய்தாலும் இடையிடையே ‘எச்’ விசையைத் தட்டி நகர மையத்துக்குத் திரும்புவது மட்டுமே பயிற்சி. ஆறு நிமிடம் ஐந்தானது; ஐந்தேமுக்காலுக்குத் திரும்பியது; மூன்றரைக்கு இறங்கியது. இந்தக் காலத்தில் அவருடைய புள்ளி 700க்குக் கீழே சரிந்தது. கவனம் நகர மையத்தில் இருந்ததால் படை கேட்பாரற்றுச் செத்தது. திறன் வளரும்போது முதலில் விளைவு கெடும் என்பதைப் பயிற்சி பற்றிப் பேசுவோர் அவ்வளவாகச் சொல்வதில்லை.

விளையாட்டு வாழ்க்கைக்குப் பாடம் சொல்லும் என்ற பேச்சை அவர் நம்புகிறவர் அல்லர். இருந்தும் ஒரு நாள் ஆய்வக உலையின் முன்பதிவேட்டை எடுத்து, கடந்த ஓராண்டில் தம் பெயரில் பதிவாகி, உலை வெறுமனே கிடந்த நாள்களை எண்ணினார். 62. அந்த நாள்களில் அவர் சோம்பி இருக்கவில்லை, கட்டுரைகள் படித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் இயல் நகராததற்கு, இன்னும் படிக்க வேண்டியிருக்கிறது என்று நெறியாளரிடம் சொல்லிவந்த காரணத்தை அதன்பின் அவரால் சொல்ல முடியவில்லை. அந்த எண் எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், 200 ஆட்டங்களுக்குச் செலவான நூற்றுமுப்பது மணி நேரத்தைப் பற்றி நியாயமான கேள்வி ஒன்று எழுந்திருக்கும். உதவித்தொகை முடிய 14 மாதங்களே இருக்கின்றன.

2019 தொடக்கத்தில் ஸ்டார்கிராஃப்ட் வல்லுநர்களை வென்றதாக அறிவிக்கப்பட்ட ‘ஆல்ஃபாஸ்டார்’ என்ற செயற்கை நுண்ணறிவு, அதற்கு முன் 200 ஆண்டுகள் வரை ஆடுவதற்கு நிகரான பயிற்சி பெற்றிருந்தது. அவருக்கு வாரத்துக்கு மூன்று ஆட்டம் என்று கணக்கு வைத்திருக்கிறார். ஒன்று ஆட, இரண்டு பார்க்க.

இப்போது புள்ளி 1010. தொடங்கிய இடத்தைவிடப் பத்து கூடுதல். நகர மையம் சும்மா நிற்பது இரண்டு நிமிடத்துக்குள் வந்துவிட்டது. இந்தப் படியின் தடை வேறு: எதிராளியின் கனரகக் குதிரைப்படை. திராவிடருக்கு அந்த வரிசைக் குதிரைவீரர்களே கிடையாது. பாண்டியர் கடல்வழியாகக் குதிரைகளை வாங்கிக் குவித்ததை மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். விளையாட்டை வடித்தவர்கள் அந்தச் சலுகையைத் தரவில்லை. “வேற நாகரிகத்துக்கு மாறுங்கக்கா, நூறு பாயிண்ட் ஏறும்” என்கிறார் ஹாசன்காரர். கணக்குப்படி அவர் சொல்வது சரி. அவர் மாறவில்லை. விறகு வெட்டப் போகிறவர் வேறு மொழியில் பதில் சொன்னால் சரிப்படாது என்கிறார்.