நாலெல்லை

முடிச்சூரில் நான் மனை வாங்கியது 1984-ல். பத்திரம் கைக்கு வந்ததும் மஞ்சள் குங்குமம் வைத்து பீரோவில் பூட்டினேன். வரிவரியாக அதை வாசித்தது 31 வருடம் கழித்துத்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஊறிப்போன தாள்களை மொட்டைமாடியில் ஒவ்வொன்றாகக் காயப்போட்டபோது, சொத்து விவரத்தில் நாலெல்லை கண்ணில் பட்டது. வாய்க்காலுக்கு மேற்கு, ஏரிக்கரைப் பாதைக்கு வடக்கு என்று போய், ‘இதன் மத்தியில்’ என் மனை.

அத்தனை வருடம் குடியிருந்தும் அந்த வாய்க்காலை நான் பார்த்ததில்லை. தெருவில் விசாரித்தேன். காட்டியவர், ஒரு காலத்தில் அங்கே நாற்று நட்ட ஆயா ஒருவர். “இந்தப் புளியமரத்தடியிலதான் சார் மதகு இருந்துச்சு. எங்கப்பாதான் நீர்க்கட்டி. ராத்திரில எழுந்து வந்து தொறந்துவிடுவாரு” என்றார். மழைத்தண்ணீர் எந்தத் தெரு வழியாக வந்து எங்கே வடியும் என்பதையும் நடந்தே காட்டினார். வெள்ளம் வந்த வழியும் அதுதான்.

எங்கள் தெருவின் நிலத்தை ஆயா நடந்தே காட்டினார்; நாட்டைப் பற்றி நமக்குப் பள்ளியில் கற்பித்ததோ சுவரில் மாட்டிய வரைபடம். அந்தப் படத்துக்கான மாபெரும் நில அளவை தொடங்கியது நம் பக்கத்தில்தான். 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன், பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். நூறடி எஃகுச் சங்கிலியை ஏறக்குறைய 400 முறை கிடத்தி அளந்தார்கள். அந்த அளவை பிறகு இமயம் வரை போனது. அப்படிக் கிடைத்த வரைபடத்தோடு பாரத மாதாவின் உருவம் எப்படி இணைந்தது, காலண்டர் படங்கள் வழியாக எப்படி வீடு வீடாகப் போனது என்பதை வரலாற்றாசிரியர் சுமதி ராமசாமி 2010-ல் வெளியான தம் நூலில் ஆராய்ந்திருக்கிறார்.

முடிச்சூரும் தாம்பரமும் அடங்கிய செங்கல்பட்டுச் சீமையை யூஜின் இர்ஷிக் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் ஆராய்ந்தார். 1795 முதல் 1895 வரையிலான நூறாண்டுகள் அவர் எடுத்துக்கொண்ட காலம். ஓரிடத்தில் நிலைத்து உழுது வாழும் குடியானவனே தமிழ் மண்ணின் அடையாளம் என்ற எண்ணத்தை வெள்ளைக்காரர் மட்டும் உண்டாக்கவில்லை, நம்மவர் மட்டும் உண்டாக்கவில்லை. இரு தரப்பாரும் பேசியும் வாதாடியும் சேர்ந்து உருவாக்கினார்கள் என்பது அவர் முடிவு. மிராசு என்ற பரம்பரை நில உரிமை யாருக்கு, உழைப்பவனுக்கு என்ன உரிமை என்ற வழக்கெல்லாம் அதற்குள் வருகிறது. செங்கல்பட்டுக் கலெக்டர் டிரமன்ஹீர், சேற்றில் இறங்கி உழைத்த பறையர் மக்களின் நிலையை 1891-ல் அறிக்கையாக எழுதினார். அடுத்த ஆண்டு அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அப்படிப் பிறந்ததுதான்.

இந்த வரலாற்றைப் படித்தபோது எனக்கு ஆயாவின் நினைவு வந்தது. என் பத்திரத்தில் வாய்க்கால் இருக்கிறது, ஏரிக்கரை இருக்கிறது, விற்றவர் பெயரும் அவருடைய தகப்பனார் பெயரும் இருக்கின்றன. அந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் விட்டவர் பெயர் எங்கும் இல்லை. ஆயாவின் பெயரில் ஒரு சென்ட் பட்டாகூட இருந்ததில்லை. ஆனாலும் இந்த மண்ணை எங்கள் தெருவில் எல்லோரையும்விட நன்றாக அறிந்தவர் அவர்தான். நாட்டின் மீது பற்று வைக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. காலடியில் இருந்த நிலத்தை அறிய அறுபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. அந்த வரிசை தவறு என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன்.

சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் என்று புதிதாகக் குடிவரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். பத்திரத்தைப் பூட்டிவைக்கும் முன் நாலெல்லையைப் படியுங்கள். உங்கள் ஊர் ஏரியில் மிகுநீர் வெளியேறும் கலங்கல் எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். அங்கே ஏர் பிடித்தவர்கள், நாற்று நட்டவர்கள் இன்னும் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், கேட்டதை எழுதிவையுங்கள். அவர்கள் சொல்வது எந்தப் பத்திரத்திலும் பதிவாகவில்லை.

ஆயா போன தை மாதம் காலமானார். மதகு இருந்த இடத்தை என் பேரனுக்குக் காட்டிவிட்டேன்.