பெரிய பூனைக்குச் சின்ன ட்ரே ஆகாது

பூனைக்குக் கழிப்பறை வாங்குறதுல என்னய்யா பெரிய ஆராய்ச்சின்னு நீங்க கேட்கலாம். நம்ம ஊர்ப் பூனைகளுக்கு அந்தக் கவலையே இல்லை. கொல்லைப்புறம், பக்கத்து வீட்டு மணல் குவியல், யாராவது ஆசையா வச்ச பூந்தொட்டி, இப்படி ஊரே அதுங்களுக்குச் சொந்தம். ஆனா அடுக்குமாடி வீட்டு நாலாவது மாடியில, வெளியவே போகாம வளர்ற பூனைக்கு? அதுக்கு ஒரே வழி லிட்டர் ட்ரே. (நான் முதல்முதலா இந்த வார்த்தையைச் சொன்னப்போ எங்க பாட்டி "எத்தனை லிட்டர் பிடிக்கும்?"னு கேட்டாங்க. இந்த லிட்டர் வேற பாட்டி!)

விஷயத்துக்கு வர்றேன். எங்க அக்கா சென்னையில ஒரு ஃப்ளாட்ல இருக்கா. அவ வளர்க்குறது மெய்ன் கூன் வகைப் பூனை. பேரு பீமா. அமெரிக்காவோட வடகிழக்கு மூலையில இருக்குற மெய்ன் மாநிலத்துப் பூனை இனம் இது. 1985ல அந்த மாநிலம் இதைத் தன்னோட அதிகாரப்பூர்வப் பூனையாவே அறிவிச்சிடுச்சு. சாதாரண வீட்டுப் பூனை 4 கிலோவுக்கு அக்கம்பக்கம் இருக்கும். மெய்ன் கூன் ஆண் பூனை 6, 8 கிலோன்னு போகும். இன்னொரு வேடிக்கை, சாதாரணப் பூனை ஒரு வயசுல கிட்டத்தட்ட முழுசா வளர்ந்துடும், இதுங்க மூணு நாலு வயசு வரைக்கும் வளர்ந்துகிட்டே இருக்கும். ஸ்டூவின்னு ஒரு மெய்ன் கூன், மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரைக்கும் 123 செ.மீ. நீளம்னு 2010ல கின்னஸ்ல ஏறினது. கிட்டத்தட்ட ஒண்ணாம் வகுப்புப் பிள்ளையோட உயரம்!

பீமாவுக்கு ஒன்றரை வயசு ஆனப்போ பிரச்சினை ஆரம்பிச்சுது. ட்ரேவுக்குப் பக்கத்துல தரையில ஈரம். அப்புறம் மிதியடி. ஒரு நாள் மெத்தை. அத்தான் பொறுமைசாலிதான், ஆனா மெத்தைக்கு அப்புறம் "இது திமிரு, யாருக்காவது குடுத்துடலாம்"னு சொல்லிட்டார். அக்கா அழுதுகிட்டே எனக்கு போன் பண்ணினா. அவரை மட்டும் குறை சொல்ல முடியாதுங்க. உலகம் முழுக்கப் பூனைகள் வீட்டை விட்டுத் துரத்தப்படுறதுக்கு முக்கியமான காரணங்கள்ல ஒண்ணு இதுதான்.

முதல்ல போனது கடைக்கு இல்லை, கால்நடை மருத்துவர்கிட்ட. இதை அழுத்திச் சொல்லணும். ட்ரேவுக்கு வெளிய போற பூனைக்குச் சிறுநீர்ப் பையில கோளாறு இருக்கலாம். குறிப்பா ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் ரொம்பக் குறுகல். அது அடைச்சுகிட்டா, பூனை அடிக்கடி போய் உக்காந்து முக்கும், ஒரு சொட்டும் வராது. ரெண்டு மூணு நாள்ல உயிரே போயிடும். சிறுநீர் வெளியேறாம ரத்தத்துல பொட்டாசியம் ஏறி இதயம் நின்னுடும். அந்த மாதிரி பார்த்தா "நாளைக்குப் பார்ப்போம்" கிடையாது, அப்பவே தூக்கிகிட்டு ஓடணும். நல்ல வேளை, பீமாவுக்குச் சிறுநீர் சோதனையில ஒண்ணும் இல்லை.

அப்புறம் நான் லீவுல போனப்போ அவன் ட்ரேல உக்காருறதைப் பார்த்தேன். முன்காலும் பின்காலும் உள்ள, பின்பக்கம் மொத்தமும் வெளிய! அவன் ஒழுங்காத்தான் உள்ள போறான், ட்ரேதான் பாதியில முடிஞ்சு போகுது :-)

டேப் எடுத்து அளந்தோம். விதி என்னன்னா, பூனையோட மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்குற இடம் வரைக்கும் அளக்கணும் (வாலைச் சேர்க்கக் கூடாது). அதை ஒன்றரையால பெருக்கினா ட்ரேவோட நீளம். அமெரிக்காவிலயும் வெளியிலயும் இருக்குற பூனை மருத்துவர் சங்கங்கள் 2014ல சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியே இதைத்தான் சொல்லுது. பீமா 52 செ.மீ. அப்போ ட்ரே 78 செ.மீ. வீட்ல இருந்தது 48 செ.மீ. கடைக்குப் போனா 'பெரிய சைஸ்'னு ஸ்டிக்கர் ஒட்டினதே 55தான். அதே 2014ல கனடாவுல ஒரு ஆய்வு வந்துச்சு. வீட்டுப் பூனைகளுக்கு வழக்கமான ட்ரேவையும் 86 செ.மீ. நீள ட்ரேவையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தாங்க. அதுங்க அதிகமாப் போனது பெரிசுக்குத்தான். அதுவும் மெய்ன் கூனுக்குன்னு தனியா பண்ணின ஆய்வு இல்லை, சாதாரண வீட்டுப் பூனைகளுக்கே இந்தக் கதை.

பூனைக்கு ஏன் இடம் வேணும்? அது வேலையை முடிக்கிற விதத்தைப் பாருங்க. உள்ள போகும், மோப்பம் பிடிக்கும், சுத்தி வரும், தோண்டும், திரும்பி உக்காரும், அப்புறம் மூடும். வறண்ட நிலத்துக் காட்டுப் பூனையோட வாரிசு அது. அதோட மனசுல மணல்வெளிதான் இருக்கு, சோப்பு டப்பா இல்லை.

சரி, தேடினப்போ நாங்க பார்த்துகிட்ட விஷயங்கள்:

1. நீளம், அகலம்: மேல சொன்ன ஒன்றரை மடங்கு. அகலத்துல உடம்பைச் சுருக்காம திரும்ப முடியணும். பூனை குட்டியா இருந்தாலும், வளர்ந்த பிறகு வரப்போற அளவுக்கே வாங்கிடலாம்.

2. உயரம்: பெரிய ஆண் பூனை சில சமயம் நின்னுகிட்டே போகும், அதனால மூணு பக்கம் சுவர் உயரமா இருக்கணும். நுழையுற பக்கம் மட்டும் தாழ்வா இருக்கணும். மெய்ன் கூனுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வர்றது சகஜம், வயசானா ஏறிக் குதிக்கிறது வலிக்கும்.

3. மூடி: மூடி போட்ட ட்ரே பார்க்க அழகு, மனுஷனுக்கு. 2013ல வந்த ஓர் ஆய்வுல 27 பூனைகள்ல 19க்கு மூடி இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுதான். நாலு மூடினதைத் தேர்ந்தெடுத்துச்சு, நாலு திறந்ததை. ஆனா அதுக்குச் சுத்தமா அள்ளியிருக்கணும், போதிய அளவும் இருக்கணும். பெரிய பூனைக்கு மூடி தலையில இடிக்கும், நாத்தமும் உள்ளயே தங்கும். நாங்க வேண்டாம்னுட்டோம்.

4. தானியங்கி ட்ரே: விலையைப் பார்த்ததும் மூடிட்டோம். அதோட வெளிய பெரிய உருண்டையா இருந்தாலும் பலதுல உள்ள இடம் கம்மி.

கடைசியா கிடைச்சது எங்க தெரியுமா? பாத்திரக் கடையில! போர்வை போட்டு வைக்கிற பெரிய பிளாஸ்டிக் பெட்டி. உள்ளளவு 80 செ.மீ. ஒரு பக்கத்துல தரையிலிருந்து 13 செ.மீ. விட்டு U மாதிரி வெட்டி, ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சோம். மெய்ன் கூனுக்கு விரலிடுக்கு எல்லாம் முடி, வெளிய வரும்போது மணலையும் சேர்த்துக் கொண்டு வரும். அதுக்கு வாசல்ல ஒரு ரப்பர் மிதியடி.

உள்ள போடுற மணலுக்கும் ஒரு கதை உண்டு. 1947ல அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துல எட் லோ-ன்னு ஒருத்தர். பக்கத்து வீட்டம்மா பூனைக்கு மணல் கேட்டு வந்தப்போ, எண்ணெய் உறிஞ்சுறதுக்குன்னு வச்சிருந்த களிமண் துகளைக் குடுத்து அனுப்பினார். அதுதான் பெரிய வியாபாரமா வளர்ந்துச்சு. அதுவரைக்கும் சாம்பலும் மணலும்தான். நாங்க வாங்குறது ஈரம் பட்டா உருண்டையாகுற பெண்டோனைட் களிமண், வாசனை சேர்க்காதது. 5, 6 செ.மீ. ஆழம் நிரப்பி, தினமும் ரெண்டு வேளை அள்ளுறோம். அள்ளும்போது உருண்டையை எண்ணுறா அக்கா. தினமும் மூணு நாலு வர்ற இடத்துல ஒரு நாள் ஒண்ணுமே இல்லைன்னா, டாக்டருக்கு போன் பண்ண அந்த எண்ணிக்கை போதும்.

பெரிய பெட்டி வந்த ஒரே வாரத்துல தரை ஈரம் நின்னுடுச்சு. பீமா உள்ள போய் ஒரு ரவுண்டு சுத்தி, தாராளமா தோண்டி, ராஜா மாதிரி உக்காருறான். குடுத்துடலாம்னு சொன்ன அத்தான்தான் இப்ப காலையில அள்ளுறது. எட்டு மாசமா இருந்த திமிரு, முப்பது சென்டிமீட்டர்ல போயிடுச்சு.

பி.கு: ட்ரேவைச் சாப்பாட்டுத் தட்டுப் பக்கத்துலயோ, திடீர்னு உதறுற வாஷிங் மெஷின் பக்கத்துலயோ வைக்காதீங்க. ரெண்டு பூனை இருந்தா மூணு ட்ரே. வீட்ல கர்ப்பிணி இருந்தா அள்ளுற வேலையை வேற யாராவது எடுத்துக்கங்க.