கெலொங்சோங்

என் மாமா 21 வருடம் ராணுவத்தில் துப்பாக்கி பழுது பார்த்தவர். பாட்டி சாகிறவரை உலு யாமில் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. கோயிலில் யாராவது விசாரித்தால், "கேம்ப்ல லோரி பாக்குறான்" என்பார். மாமா லீவில் வந்தால் சீருடைப் பையை வாசலில் வைக்கக்கூடாது, நேராக உள்ளறைக்குப் போய்விட வேண்டும். மாமாவும் அதை ஒரு தமாஷாகவே எடுத்துக்கொண்டு, யாராவது லோரி கிளட்ச் பற்றிக் கேட்டால் முழு நீளத்துக்குப் பதில் சொல்வார்.

போன வருடம் அவருடைய புல்வெட்டும் மெஷினின் கார்புரேட்டரை இரண்டு பேரும் உட்கார்ந்து கழற்றினோம். உள்ளே ஊசி போன்ற ஒரு சின்ன வால்வு. புதுசு வாங்கிப் போட்டாகிவிட்டது, ஆனாலும் எண்ணெய் வழிந்தது. நான் உப்புத்தாளை எடுத்தேன். மாமா கையைத் தட்டிவிட்டார்.

"தேச்சது திரும்ப ஒட்டாதுடா. மொதல்ல எங்க இடிக்குதுன்னு பாரு."

மார்க்கர் பேனாவால் அந்த வால்வின் முனையில் மை பூசி, உள்ளே போட்டுத் திருப்பி எடுத்தார். மை ஒரு பக்கத்தில் மட்டும் அழிந்திருந்தது. "இங்கதான். மத்த எடத்துல கை வெக்காத." அதற்குப் பிறகுதான் பேச்சு துப்பாக்கிக்குப் போனது. முதன்முறையாக நானாகக் கேட்டேன், அவராகச் சொன்னார்.

அவர் கைக்கு அதிகம் வந்தது பிரௌனிங் ஹை-பவர். ஜான் பிரௌனிங் தொடங்கி, 1926இல் அவர் இறந்த பிறகு பெல்ஜியத்தில் சேவ் என்பவர் முடித்து, 1935இல் வெளிவந்த பிஸ்டல். 9 மில்லிமீட்டர், மேகசினில் 13 தோட்டா. இதையெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மாமாவுக்கு அது வேறு மாதிரித் தெரியும். அவருக்கு அது ஒரு கொக்கியும் ஒரு முட்டும்.

குண்டு போன பிறகு பித்தளைக் கூடு உள்ளேயே இருக்கிறது. மாமா அதை ராணுவ வழக்கப்படி கெலொங்சோங் என்றுதான் சொல்வார். அந்தக் கூட்டின் அடியில் ஒரு விளிம்பு உண்டு, பத்து மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான அகலம். மேலே ஓடும் ஸ்லைடில் இருக்கும் கொக்கி அந்த விளிம்பைப் பிடித்துக்கொள்கிறது. ஸ்லைடு பின்னால் போகும்போது கூடும் கூடவே வருகிறது. எதிர்ப்பக்கத்தில், கீழ்ச்சட்டத்தில், அசையாமல் ஒரு முட்டு நிற்கிறது. கூட்டின் அடி அதில் போய் மோத, கொக்கியை அச்சாக வைத்துக் கூடு சுழன்று வலப்பக்கமாக வெளியே பறக்கிறது. இவ்வளவும் கண் இமைக்கிற நேரத்தில்.

"கொக்கி தளர்ந்துபோச்சுன்னா, முட்டுல போய் மோதறதுக்கு முன்னாடியே கூடு நழுவிடும். வெளிய போகாது, வாசல்ல குறுக்க நிக்கும். சரி, இறுக்கி வெச்சிடலாம்னு பாத்தா அடுத்த தோட்டா மேல வந்து கொக்கிக்கு அடியில நுழைய முடியாது. ஸ்லைடு முழுசா மூடாது. ரெண்டும் ஒரே ஆள் பண்ற தப்புதான். மொதல்ல பயந்து விட்டுடறான், அப்புறம் பயந்து இறுக்கிடறான்."

பழைய ஹை-பவரில் இந்தக் கொக்கி ஸ்லைடுக்குள் மறைந்திருக்கும் ஒரு நீண்ட உருக்குத் துண்டு. அதுவே கொக்கி, அதுவே ஸ்ப்ரிங். 1960களில் அதை வெளிப்பக்கம் கொண்டுவந்து தனி ஸ்ப்ரிங் கொடுத்தார்கள். மாமாவுக்குப் பழசைத்தான் பிடிக்கும், ஏனென்றால் அதற்குக் கை வேலை வேண்டும். ஸ்லைடைத் தனியாகக் கழற்றி, மருந்தில்லாத பயிற்சித் தோட்டா ஒன்றைக் கொக்கியில் மாட்டி, மெதுவாகக் குலுக்கிப் பார்ப்பாராம். நின்றால் சரி, விழுந்தால் தளர்வு. இதற்கு மீட்டர் கிடையாது. அவருக்குப் பழக்கிய சார்ஜன் கண்ணை மூடிக்கொண்டு செய்யச் சொல்வாராம்.

நான் கேட்டேன், "எல்லாத்தையும் இழைச்சு இழைச்சுப் பொருத்தினா இன்னும் நல்லா சுடாதா?"

"போட்டிக்குச் சுடறவன் அப்படித்தான் பண்ணுவான். ஒரு மயிரு எடம் விடமாட்டான். குறி நல்லா விழும். மண்ணு ஒரு துளி போனா நின்னுக்கும். ராணுவத்துக்கு அது வேணாம். இந்தத் துப்பாக்கிக்கு இழைச்ச சாமான் இந்தத் துப்பாக்கிக்கு மட்டும்தான். இதுல கழட்டி அதுல போட முடியாது."

இந்த இடத்தில் மாமாவோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. மாற்றிப் போடக்கூடிய பாகங்கள் என்பது ராணுவத்துக்கு வசதி. ஆனால் அவர் பெருமையோடு பேசியதெல்லாம் மாற்றிப் போட முடியாத, அவர் கைப்பட்டவற்றைப் பற்றித்தான். சொல்லிக் காட்டினேன். சிரித்தார்.

பாட்டியின் பயத்துக்கு வருகிறேன். பாட்டி பிறந்தது ரவாங் பக்கத் தோட்டம் ஒன்றில். இங்கிருந்து காரில் அரை மணி நேரம்கூட ஆகாது. 1949 மார்ச் 1ஆம் தேதி, ரவாங்கில் வாட்டர்பால் தோட்டத்துக்கு அருகேதான் எஸ்.ஏ. கணபதியைப் பிடித்தார்கள். அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். கையில் ஒரு துப்பாக்கி, ஆறு தோட்டா. சிலர் ரிவால்வர் என்று எழுதுகிறார்கள், சிலர் பிஸ்டல் என்று. அவர் யாரையும் சுட்டார் என்று குற்றச்சாட்டு இல்லை. வைத்திருந்தார், அவ்வளவுதான். அவசரகாலச் சட்டத்தில் அதற்கே தூக்கு. கிடைத்ததைப் போலீசில் ஒப்படைக்கத்தான் கொண்டுபோனேன் என்று அவர் சொன்னது எடுபடவில்லை. இந்திய அரசு தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டதும் எடுபடவில்லை. மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். முந்தின நாள்தான் அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

அதே காலத்தில் ஜொகூரில் சாம்பசிவம் என்று இன்னொருவர். அவருக்கும் துப்பாக்கி, தோட்டா என்று இரண்டு குற்றச்சாட்டு. தோட்டா வழக்கில் விடுதலை. துப்பாக்கிக்கு மட்டும் மறுவிசாரணை நடத்தித் தூக்கு விதித்தார்கள். இரண்டையும் ஒப்புக்கொண்டதாகச் சொல்லப்பட்ட ஒரு வாக்குமூலம் மறுவிசாரணையில் சாட்சியாக வைக்கப்பட்டது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. தோட்டா அவருடையதல்ல என்று ஒருமுறை முடிவான பிறகு, அந்த முடிவு இல்லாததுபோல் அதே வாக்குமூலத்தை வைத்து வழக்கு நடத்த முடியாது என்று 1950இல் தண்டனையை ரத்து செய்தார்கள். சட்டம் படிப்பவர்கள் இன்றும் அந்த வழக்கைப் படிக்கிறார்கள். ஒருவர் பிழைத்தார், ஒருவர் பிழைக்கவில்லை. கணபதிக்குப் பிடிபட்ட நாளிலிருந்து கிடைத்தது இரண்டு மாதம் சொச்சம்.

பாட்டிக்கு இந்த விவரம் எதுவும் தெரியாது. பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது, 'துப்பாக்கி வெச்சிருந்தா கயிறு' என்பது மட்டும். ஒருநாள் பால்மரக் காட்டில் பளபளவென்று ஒரு பித்தளைக் கூடு கிடைத்திருக்கிறது. விசில் மாதிரி ஊதிக்கொண்டே லயத்துக்கு வந்தாராம். அவருடைய அப்பா அதைப் பிடுங்கிக் கக்கூஸ் குழியில் போட்டுவிட்டு, பாலுளிப் பிடியால் அடித்திருக்கிறார். காலி கூடு தோட்டா ஆகாது என்று அவருக்கு யார் சொல்வது? அதற்குச் சில மாதம் முன்னால்தான், 1948 டிசம்பரில், பத்தாங் காலி தோட்டத்தில் 24 பேரைச் சுட்டுப்போட்டிருந்தார்கள். அவர்களில் யாரிடமும் ஆயுதம் இல்லை.

அந்த வீட்டில்தான் மாமா 1976இல் ராணுவத்தில் சேர்ந்தார். எந்தப் பிரிவு என்று கேட்டதும் பாட்டி மூன்று நாள் சமைக்கவில்லையாம். அதன்பிறகு 'லோரி'.

"ஒரு தடவகூட அவங்ககிட்ட வேலையைப் பத்திப் பேசினதில்லையா?" என்று கேட்டேன்.

மாமா வால்வை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு தடவை, என்றார்.

சுடும் மைதானத்தில் எத்தனை தோட்டா கொடுத்தார்களோ அத்தனை கூடும் திரும்பி வந்தாக வேண்டும். எண்ணி முடிக்காமல் யாரும் நகர முடியாது. மாமா பழுது பார்த்த பிஸ்டல் ஒன்றைச் சோதிக்க 13 தோட்டா. கூடுகள் நன்றாகப் பறந்தன, எல்லாம் ஒரே இடத்தில் குவியலாக. அப்படி விழுந்தால் வேலை சரி என்று அர்த்தம். எண்ணினால் 12. மறுபடி எண்ணினாலும் 12. இருபது பேர் புல்லில் முட்டி போட்டுத் தேடினார்கள். மழை வேறு வந்துவிட்டது. இருட்டுகிற நேரம்வரை.

இதைச் சாப்பிட்டுக்கொண்டே யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாராம். அடுப்படியில் இருந்த பாட்டி கரண்டியோடு வந்து நிலைப்படியில் நின்றிருக்கிறார். மாமா நிறுத்திவிட்டார்.

"கெடச்சுச்சா இல்லையாடா?" என்றாராம் பாட்டி.

பக்கத்தில் நின்றவனின் மடித்துவிட்ட சட்டைக் கைக்குள் விழுந்திருந்தது.