குதிகால் கற்பித்த பாடம்

சுபுஹுத் தொழுகை முடிந்து இருள் பிரியும் வேளையில், சின்னசேலத்திலிருந்து கச்சிராயபாளையம் செல்லும் சாலையில் ஐம்பத்தாறு வயதுடைய அரபு ஆசிரியர் ஒருவர் ஓடுவதைக் கண்டு நகைத்தவர் பலர். மக்காச்சோளக் கொல்லையருகே பால்காரர் ஒருவர் மிதிவண்டியை நிறுத்தி, "ஹஜ்ரத், யார் துரத்துகிறார்கள்?" என்று கேட்டேவிட்டார். நம்மைத் துரத்தியது ஒரு நாற்காலி என்பதை அவரிடம் நாம் கூறவில்லை.

நமது பள்ளிவாசலின் கடைசி வரிசையில் முன்பு இரண்டே நாற்காலிகள் இருந்தன. இன்று ஒன்பது உள்ளன. நின்றும் குனிந்தும் தொழ இயலாதார்க்கு மார்க்கம் அளித்த சலுகை அது. அதனைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆயினும், அவற்றில் அமர்வோருள் இருவர் நம்மினும் இளையவர். முப்பதாண்டுகள் பாயில் அமர்ந்து ஓதிக்கொடுத்த நமது முழங்கால்களும் எழும்போதெல்லாம் முறையிடத் தொடங்கியிருந்தன. பத்தாவது நாற்காலி நமக்குரியதோ என்ற அச்சமே நம்மைச் சாலைக்கு அனுப்பியது.

ஜனவரித் திங்களில் சென்னையில் நடைபெறும் மாரத்தானில், முழுத் தொலைவாகிய 42.195 கிலோமீட்டரில் பாதியை ஓடுவதென உறுதி பூண்டோம். நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் இன்று உடற்கல்வி ஆசிரியர். வாரத்தில் நான்கே நாட்கள், சிறிது ஓட்டம், சிறிது நடை, ஞாயிறன்று மட்டும் நெடுந்தொலைவு என அவர் வகுத்துக் கொடுத்தார். "அவசரம் மட்டும் வேண்டாம் ஹஜ்ரத்" என்றும் வேண்டிக்கொண்டார்.

இரண்டு திங்களில் மூச்சு வாங்குவது நின்றது. செருக்கு தலைதூக்கியது. நான்கு நாள் ஓட்டத்தை ஆறு நாளாக்கினோம். அப்போதுதான் வலக்குதிகால் பேசத் தொடங்கிற்று. காலையில் படுக்கையிலிருந்து இறங்கி வைக்கும் முதலடி, முள்மேல் வைத்தாற்போல் இருக்கும். பத்தடி நடந்தால் மறைந்துவிடும். மறைந்துவிடுவதால் பொருட்படுத்தவில்லை. இல்லாளிடமும் மாணவரிடமும் மறைத்தோம். அத்தஹிய்யாத் இருப்பில் வலப்பாதத்தை நிறுத்தி விரல்களை மடக்கும்போது மட்டும் மறைக்க முடியவில்லை. பாதத்தைச் சற்றே சாய்த்து அமர்ந்தோம். மூன்று வாரங்களில் நொண்டலாயிற்று; நொண்டியதால் மறுகாலின் முழங்காலும் வீங்கியது. மருத்துவர் ஆறு வாரம் ஓட்டத்தை நிறுத்தச் சொன்னார். அந்த ஜனவரி நாமின்றியே கடந்தது. அந்த ஆறு வாரங்களும் நாம் தொழுதது, அஞ்சிய அதே நாற்காலியில் அமர்ந்துதான்.

மாணவர் கடிந்துகொள்ளவில்லை. காரணத்தை மட்டும் விளக்கினார். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் உழைப்புக்குப் பழகிவிடும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களும் எலும்புகளும் பழகுவதற்குப் பல திங்கள் ஆகும். 'இன்னும் ஓடலாம்' என்று மூச்சு கூறும் நாளில், 'இன்னும் ஆயத்தமாகவில்லை' என்று பாதம் கூறும். சிறு நோவுகள் பெரும்பாலும் இந்த இடைவெளியில் பிறப்பவையே.

அரபியில் 'முன்பத்து' என்றொரு சொல் உண்டு. ஓய்வின்றி ஒட்டகத்தை விரட்டிச் சென்று, பாதி வழியில் அதனையும் இழந்து, பயணக் கூட்டத்தினின்றும் அறுபட்டு நிற்பவனை அது குறிக்கும். ஊரும் சேராமல் ஊர்தியும் மிஞ்சாமல் நிற்கும் அவனைப் பற்றி எத்தனையோ மாணவர்க்குப் பாடம் நடத்தியிருக்கிறோம். அச்சொல்லின் பொருள் நமக்கு விளங்கியதோ ஐம்பத்தாறாம் வயதில், அதுவும் குதிகாலின் வாயிலாக!

இரண்டாம் முறை தொடங்கியபோது நோவுகளை இனம்பிரிக்கக் கற்றோம். ஓடிய மறுநாளும் அடுத்த நாளும் தொடையிலும் கெண்டைக்காலிலும் பரவலாகத் தோன்றும் வலி உழைப்பின் கூலி, தானே தீரும். ஓடுகையில் சிறிதாய்த் தோன்றி, மறுநாட்காலை பழைய நிலைக்குத் திரும்பும் வலியை அளவு குறைத்துச் சமாளிக்கலாம். ஆனால் நாளுக்கு நாள் வளர்வதும், நடையை மாற்றுவதும், வீக்கம் தருவதும், எலும்பில் ஒரு விரல் வைத்து 'இங்கே' என்று காட்டக்கூடியதுமான வலிக்கு மருத்துவரே விடை. குதிகாலுக்கு மருத்துவர் கற்பித்த பயிற்சி எளிது: படுக்கையை விட்டு இறங்குமுன் கால்விரல்களைக் கையால் பின்னோக்கி இழுத்துப் பிடித்தல், சுவரில் கையூன்றிக் கெண்டைக்காலை நீட்டுதல். அன்றாடம் ஐவேளை இருப்பில் அமரும்போது அந்தப் பாதத்தின் நிலையும் நமக்குத் தெரிந்துவிடும். அதைவிட நாணயமான சாட்சி வேறில்லை.

2006 முதல் 2011 வரை சென்னை மேயராகவும், 2021இல் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சராகவும் பொறுப்பேற்ற மா. சுப்பிரமணியன் அவர்களை வாசக அன்பர்கள் அறிவர். 2004இல் விபத்தொன்றில் முழங்கால் நொறுங்கியவர் அவர். பின்னாளில் நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை ஓடி முடித்தார். அந்த நூறு என்னும் எண்ணை எடுத்துக்கொண்டால் நாம் மீண்டும் முன்பத்து ஆவோம். முறிந்த காலும் பொறுமையோடு பழக்கினால் பயன்படும் என்பதையே நாம் எடுத்துக்கொண்டோம்.

மறு ஜனவரியில் சென்னைக் கடற்காற்றில் ஓடினோம். பதினேழாம் கிலோமீட்டரில் குதிகால் மெல்லக் கூப்பிட்டது. இம்முறை செவிசாய்த்தோம், இரண்டு கிலோமீட்டர் நடந்தோம். இளைஞர் பலரும் பெண்மணிகள் சிலரும் நம்மைக் கடந்து சென்றனர். மூன்று மணி நேரத்திற்குச் சற்று மேலாயிற்று, அதற்காக வருந்தவில்லை.

ஊர் திரும்பிய மாலை, மஃரிபுக்குப் பள்ளிப்படி ஏறவே தொடைகள் வலித்தன. முன்வரிசையில் நின்றோம். இருப்பில் அமர்ந்து விரல்களை மடக்கினோம். குதிகால் வாய் திறக்கவில்லை. தொழுகை முடிந்ததும் நாற்காலி வரிசையிலிருந்த இளையவருள் ஒருவர் அருகே வந்து, தயக்கத்துடன், "ஹஜ்ரத், காலையில் எத்தனை மணிக்குப் புறப்படுகிறீர்கள்?" என்று கேட்டார்.

முதலில் மருத்துவரிடம் முழங்காலைக் காட்டி வருமாறும், அவர் இசைந்தால் முதல் ஆறு வாரம் நடை மட்டுமே என்றும் கூறினோம். ஆறு வாரமா என்று அவர் முகம் வாடியது. அந்த வாட்டம் நாம் நன்கறிந்ததே.