வீசாவுக்குக் காத்திருக்கும் வீட்டில் ஒரு பறவைக் கூடு



வெளிநாடு போக விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் வீடு எப்படி இருக்கும் என்று உங்களில் பலருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டின் நெருக்கடிக்குப் பிறகு நம் ஊர்களில் அப்படியான வீடுகள் கூடிவிட்டன. ஜன்னல் திரை கிழிந்தால் புதிதாகத் தைப்பதில்லை. முற்றத்தில் ஒரு தேசிக்காய்க் கன்று நட மனம் வருவதில்லை. எதைக் கேட்டாலும் "போகத்தானே போறோம்" என்ற ஒரே பதில்தான். பெரியவர்களுக்கு இது பழகிப்போகும். பிள்ளைகள் வளர்வதோ வீசாவுக்காகக் காத்து நிற்பதில்லை.

எங்கள் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. ஏழு வயதிலிருந்து ஒரு பறவை கேட்கிறாள். பேசும் பறவையாக இருக்க வேண்டுமாம். அவுஸ்திரேலியா போன பிறகு வாங்கலாம் என்பதே வீட்டில் நிலைத்த பேச்சாக இருந்தது. போகும் திகதி இன்னும் கைக்கு வராததால், இந்த வருடம் நானும் அவரும் இருந்து பேசி, வாங்கிக் கொடுப்பது என்றே முடிவு செய்தோம். எந்தப் பறவை என்பதுதான் மிச்சம் இருந்தது. அந்தத் தேடலைப் பற்றித்தான் உங்களோடு பேச வந்திருக்கிறேன். பயணம் முன்னால் இருக்கும்போது பறவை தேர்ந்தெடுப்பது வேறு விதமான வேலை.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, கூடவே கொண்டுபோகலாமா என்பது. அவுஸ்திரேலியாவைப் பொறுத்தவரை முடியாது. வீட்டுப் பறவைகளை நியூசிலாந்து தவிர்ந்த வேறெந்த நாட்டிலிருந்தும் அவர்கள் உள்ளே எடுப்பதில்லை. பறவைக் காய்ச்சல் போன்ற நோய்கள் தங்கள் காட்டுப் பறவைகளுக்கும் கோழிப் பண்ணைகளுக்கும் வந்துவிடக் கூடாது என்பதே காரணம். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நம் கடைகளில் அதிகமாகக் கிடைக்கும் மூன்று கூட்டுப் பறவைகள் எவை? நாம் "லவ் பேர்ட்ஸ்" என்று சொல்லும் பட்ஜரிகர், தலையில் கொண்டையுள்ள கொக்கட்டீல், சிவந்த சொண்டுள்ள சின்ன சீப்ரா ஃபின்ச். மூன்றுக்கும் தாய்நாடு அவுஸ்திரேலியாதான்! பட்ஜரிகரை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனவர் ஜோன் கூல்ட் என்ற பறவை ஆய்வாளர், அது 1840இல். அதன் பிறகு கூட்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகி நம் வீட்டு விறாந்தை வரை வந்துவிட்ட பறவை, இன்று தன் சொந்த நாட்டுக்குத் திரும்ப முடியாது.

வேறு நாடு போகிறவர்களும் முன்கூட்டியே விசாரியுங்கள். அமெரிக்காவில் வெளிநாட்டுப் பறவைக்கு 30 நாள் தனிமைப்படுத்தல் உண்டு, செலவு உங்களுடையது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு ஒருவர் ஐந்துக்கு மேல் கொண்டுபோக முடியாது, அந்த ஐந்துக்கும் மிருக வைத்தியரின் பத்திரங்கள் வேண்டும். எங்காவது பறவைக் காய்ச்சல் தலைகாட்டினால் இருக்கும் அனுமதியும் நின்றுபோகலாம். கிளி இனங்களில் பட்ஜரிகர், கொக்கட்டீல், பச்சைக்கிளி, இளஞ்சிவப்பு முக லவ் பேர்ட் ஆகிய நான்கைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் சைட்டிஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையின் கட்டுப்பாடும் உண்டு. நன்றாகப் பேசும் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியை 2017 ஜனவரியிலிருந்து மிகக் கடுமையான பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். கட்டார் விமானத்தில் ராஜாளிக்கு மட்டும் பயணிகளோடு சேர்ந்து பறக்க இடம் உண்டாம். நம் வீட்டுக் குருவிக்கு அந்த யோகம் இல்லை.

ஆக, பறவை இங்கேதான் நிற்கும். இதை ஏற்றுக்கொண்ட பிறகு கடைக்குப் போகிறவரின் கண் மாறிவிடுகிறது. அழகையும் விலையையும் விட, எத்தனை வருடம் வாழும், நாம் போன பிறகு யாருடைய கையில் இருக்கும் என்பவைதான் முன்னால் வந்து நிற்கின்றன.

சாம்பல் கிளி 40 வருடத்துக்கு மேலும் வாழும். கொக்கட்டீல் 15 முதல் 20 வருடம். பட்ஜரிகர் ஐந்து முதல் பத்து. ஃபின்ச் ஐந்தாறு வருடம். கண்டியில் ஒரு பறவைக் கடையில், கையில் எடுத்து வளர்த்த கொக்கட்டீல் குஞ்சு ஒன்றைக் கடைக்காரர் மகளின் தோளில் வைத்துவிட்டார். அது அவளுடைய காதோரத் தாவணியைக் கொத்தி விளையாடியது. பிள்ளை உருகிப்போனாள், உண்மையைச் சொன்னால் நானும்தான். ஆனால் அப்படித் தனியாகக் கையில் வளரும் கிளி இனம் தன் கூட்டத்தின் இடத்தில் மனிதரை வைத்துக்கொள்கிறது. அந்த மனிதர் ஒருநாள் காணாமற் போனால் கத்தும், சாப்பிடாது, சில வேளை தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும். போகிறவர்கள் வாங்கக் கூடாத பறவை எது என்று என்னிடம் கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

ஊரில் ஒருவர், தோளில் சிவப்புத் திட்டுள்ள பெரிய கிளிக்குஞ்சு ஒன்றை மரப்பொந்திலிருந்து எடுத்துத் தருவதாகச் சொன்னார். அது வேண்டவே வேண்டாம் என்றோம். நம் நாட்டுக் காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவற்றை 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காக்கிறது. சட்டம் இருக்கட்டும், தாயின் பொந்திலிருந்து குஞ்சைப் பறித்து நம் பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது?

இனி, யாருடைய கை? எங்கள் வீட்டில் உம்மா இருக்கிறார். வாப்பா மௌத்தான நாளிலிருந்து எங்களோடுதான். வயது 68. ஒருநாள் பின்னேரம் குசினியில் உள்ளி உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்து மெதுவாகக் கேட்டேன்.

"உம்மா, நாங்க போன பொறகு பறவைய நீங்க பாத்துக்கொள்வீங்களா?"

உம்மா உள்ளியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "எந்த ஊட்டுல வெச்சு?"

சகோதரிகளே, அந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் அதுவரை யாரும் வாய்விட்டுக் கேட்டிருக்கவில்லை. எங்கள் பாஸ்போர்ட்டும் சான்றிதழ்களும் மொழிபெயர்ப்புகளும் ஒரு பையில் ஒழுங்காக இருந்தன. உம்மா கம்பளையில் இருக்கும் தங்கையின் வீட்டுக்குப் போவார் என்று எல்லோர் மனதிலும் இருந்தது. எந்த அறை, எந்தக் கட்டில், அவருடைய பீங்கான் அலுமாரி என்னாகும் என்பதெல்லாம் யாருடைய பேச்சிலும் இல்லை. அன்று இரவே தங்கைக்குத் தொலைபேசி எடுத்தோம். பறவைக் கூட்டை எங்கே வைப்பது என்றுதான் பேச்சு தொடங்கியது. முடிவதற்குள் உம்மாவுக்கு ரோட்டுப் பக்கத்து அறை, அலுமாரி முன் மண்டபத்தில், மாதாந்தக் கிளினிக்குக்கு மச்சான் கூட்டிப்போவது என்று எல்லாம் பேசியாகிவிட்டது. உம்மாவும் பக்கத்தில் இருந்து, தன் வாயால் பதில் சொன்னார். தங்கையின் வீட்டில் ஒரு பூனை இருக்கிறது. அதைப் பற்றிப் பேசியதுதான் அதிக நேரம்.

பறவை எது என்பதையும் உம்மாதான் தீர்த்து வைத்தார்.

"பேசுற கிளி வேணாம் மகள். நீங்க எல்லாரும் போன பொறகு அது புள்ளட பேரச் சொல்லிக் கூப்பிட்டா, நான் எங்க போய் நிக்கிற?"

மகள் அதற்குப் பிறகு பேசும் பறவை கேட்கவில்லை.

உம்மாவுக்கு முட்டு வருத்தமும் உண்டு. கொக்கட்டீலின் இறகிலிருந்து மாப்போல ஒரு வெள்ளைத் தூள் உதிர்ந்துகொண்டே இருக்கும், மூச்சுக் கஷ்டம் உள்ளவர்களுக்கு அது ஆகாது. எந்தப் பறவையிலும் கொஞ்சம் தூசி இருக்கத்தான் செய்யும் என்பதால் உம்மாவின் வைத்தியரிடமும் கேட்டுக்கொண்டோம். கடைசியில் வாங்கியது இரண்டு சீப்ரா ஃபின்ச். அவற்றுக்கு நம் தோளும் வேண்டாம், கையும் வேண்டாம். ஒன்றுக்கு மற்றது இருந்தால் போதும். சத்தமும் சின்னப் பிள்ளையின் விளையாட்டு ஊதல் அளவுதான்.

இரண்டும் ஆண். கன்னத்தில் செம்மஞ்சள் வட்டம் இருந்தால் ஆண், இல்லாவிட்டால் பெண் என்று அடையாளம் பார்க்கலாம். ஆணும் பெண்ணுமாக விட்டால் இந்தப் பறவை ஓயாமல் முட்டையிடும்; இரண்டு பன்னிரண்டாகி வயதான மனுஷியின் தலையில் விழும். பெரிய தீனிச் செலவு இல்லை. தினை, மெல்லிய விதைக் கலவை, கொஞ்சம் கீரை, சுண்ணச் சத்துக்குக் கணவாய் ஓடு. தினமும் புதுத் தண்ணீர், குளிக்க ஒரு தட்டை. கூடு உயரத்தை விட நீளமாக இருக்க வேண்டும், கம்பிகளின் இடைவெளி அரை அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் நுழைந்து வெளியே வந்துவிடும்.

குசினி ராணிகளுக்கு ஒரு விசேட எச்சரிக்கை. ஒட்டாத தாச்சியை வெறுமனே அடுப்பில் வைத்து மறந்துவிட்டால், அதன் டெஃப்லோன் பூச்சு அளவுக்கு மீறிச் சூடாகி வரும் புகை சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். நமக்கு மணம்கூடத் தெரியாமல் இருக்கலாம். நுளம்புச் சுருள், சாம்பிராணிப் புகையும் கூட்டின் பக்கம் வேண்டாம். நாம் பட்டர் புரூட் என்று சாப்பிடும் ஆனைக்கொய்யா பறவைக்கு நஞ்சு. இறகைப் பொம்மென்று ஊதிக்கொண்டு கூட்டின் அடியில் உட்கார்ந்திருந்தால், நாளைக்குப் பார்ப்போம் என்று விடாதீர்கள். பறவை தன் நோயைக் கடைசி வரை மறைக்கும்.

மகளிடம் எதையும் மறைக்கவில்லை. இது உன்னோடு விமானம் ஏறாது, உம்மும்மாவோடு கம்பளைக்குப் போகும் என்று வாங்கும் முன்பே சொல்லிவிட்டோம். அழுதாள். அழட்டும் என்று விட்டோம். அனஸ் (ரழி) அவர்களின் தம்பி, சிறுவர் அபூ உமைர் வளர்த்த சின்னக் குருவி இறந்து அவர் வாடியிருந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அந்தக் குருவியைப் பற்றி அவரிடமே அன்பாக விசாரித்தார்கள் என்பது நாம் அறிந்த ஹதீஸ். குருவிக்காகப் பிள்ளை படும் கவலையைச் சின்ன விடயம் என்று தள்ளிவிட நமக்கு என்ன உரிமை? அழுது முடித்தவள் ஒரு கடதாசி மட்டையில் பெரிய எழுத்தில் எழுத உட்கார்ந்தாள்: காலையில் தண்ணீர், வெள்ளிக்கிழமை கூடு கழுவுதல், தினையின் உமியை ஊதிவிட்டுப் பார்த்த பிறகே புதிதாகப் போடுதல். உம்மும்மா கண்ணாடி இல்லாமல் வாசிக்க வேண்டுமாம்.

கடந்த பாடசாலை விடுமுறையில் ஒரு வாரம் ஒத்திகை பார்த்தோம். உம்மாவும் கூடும் கம்பளை போய் வந்தார்கள். பூனை முதல் இரண்டு நாள் கூட்டின் கீழேயே கிடந்ததாம். மச்சான் கூரையில் உறுதியான கொக்கி ஒன்று போட்டு, கூட்டை எட்டாத உயரத்தில் தூக்கிவிட்டார். பிறகு அதற்கும் சலித்துவிட்டது. வீசா இன்னும் வரவில்லை. அந்த அறையில் உம்மாவின் கட்டிலை எப்படிப் போடுவது என்பதுதான் இப்போதைய பேச்சு. படுத்திருந்தால் கூடு கண்ணுக்குத் தெரிய வேண்டும், கிப்லாப் பக்கம் கால் நீளவும் கூடாது. தங்கை அறையின் அளவைக் கடதாசியில் கீறி அனுப்பியிருக்கிறாள். உம்மாவும் மகளும் அடிமட்டத்தை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.