சென்ற ஆண்டின் வருமானம்

நிலபுலன் உள்ள குடும்பம் நொடித்துப் போவதற்கு ஒரு தலைமுறை ஆகலாம். மாதச் சம்பளத்தை நம்பிய குடும்பத்திற்கோ ஒரு பிற்பகல் போதும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அரியலூர்ச் சீமையில் கிடந்த கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக் கல்லை வெட்டியும் அரைத்தும் சுட்டும் மூட்டையாக்கி அனுப்பும் சிமெண்ட் ஆலைகளை நம்பி ரெட்டிபாளையத்திலும் தளவாயிலும் கீழப்பழுவூரிலும் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது. பெரம்பலூர்ப் பக்கத்து லப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் அந்த நெருப்பு வளைகுடா நாடுகளிலிருந்து வருகிறது. இரண்டிடத்திலும் வேலை போவது ஒரே விதமாகத்தான்: முன்னறிவிப்பின்றி, காகிதமுமின்றி.

ஆட்குறைப்புக்கு ஒரு மாத அறிவிப்பும், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியமும் தரவேண்டும் என்று 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் வகுத்து வைத்தது உண்மையே. ஆனால் அந்த விதியின் நிழல் காண்ட்ராக்ட் ஆளின் தலைமேல் விழுவது அபூர்வம். எங்கள் தெருவில் குடியிருக்கும் நண்பர் ஒருவர், ஆலை ஒன்றின் பேக்கிங் பிரிவில் காண்ட்ராக்டர் வைத்திருந்த மேஸ்திரி, சென்ற ஆனி மாதம் என்னிடம் வந்தார். “நாளையிலேருந்து வர வேண்டாம்னு போன்ல சொல்லிட்டாங்க, வாத்தியாரய்யா. லெட்டர் குடுங்கன்னா சிரிக்கிறாங்க” என்றார். அவருடைய மகள் தனியார் கல்லூரி ஒன்றில் பொறியியல் இரண்டாம் ஆண்டு; கட்டணத்திற்குக் கெடு நெருங்கிக் கொண்டிருந்தது.

ஓய்வுபெற்ற ஆசிரியனுக்கு விண்ணப்பம் எழுதுவதைத் தவிர வேறு என்ன தெரியும்? உட்கார்ந்து ஒவ்வொரு வாயிலாகத் தட்டிப் பார்த்தோம். அப்போதுதான், அவர் நல்ல நாளில் செய்த காரியங்கள் யாவும் கெட்ட நாளில் அவருக்கு எதிர்ச்சாட்சி சொல்வதைக் கண்டேன்.

கையில் நாலு காசு புரண்ட காலத்தில், மகள் ஆங்கிலம் பேச வேண்டும் என்ற ஆசையால் அவளை மெட்ரிகுலேஷன் பள்ளியில் சேர்த்திருந்தார். ஆகவே, அரசுப் பள்ளி மாணவர்க்குப் பொறியியல் முதலிய படிப்புகளில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் 2021-ஆம் ஆண்டின் ஏற்பாடு அவளுக்கு இல்லை. 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் இல்லை. முதல் பட்டதாரிச் சலுகை குடும்பத்தில் ஒருவருக்கே உரியது. அதை அவளுடைய அண்ணன் அனுபவித்து முடித்துவிட்டான். நண்பரின் சம்பளம் மாதம் 22,000 ரூபாய். இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டின் சம்பள வரம்பு 21,000. அந்த ஆயிரம் ரூபாய் அதிகமானதால், வேலையிழந்த காப்பீட்டாளருக்குச் சில மாதங்கள் ஊதியத்தில் ஒரு பங்கு தரும், 2018-இல் வந்த திட்டத்திற்கு அவர் அந்நியர். உதவித்தொகை பலவற்றிற்கு ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக்கூடாது, அவருடையது 2,64,000. சம்பள உயர்வு கிடைத்த அன்று அவர் தெருவுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தது எனக்கு நினைவிருக்கிறது.

“அது போன வருஷக் கணக்குங்க, இப்ப ஒண்ணுமில்லையே” என்று அவர் வருமானச் சான்றிதழ் தரும் அலுவலகத்தில் மன்றாடினார். அங்கிருந்தவர் கெட்ட மனிதர் அல்லர், நாற்காலி போட்டு உட்காரச் சொல்லிவிட்டுத்தான், “வேலை இல்லைங்கறதுக்கு ஏதாவது ரெக்கார்டு வச்சிருக்கீங்களா?” என்று கேட்டார். வருமானம் இருப்பதை நிரூபிக்கச் சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கும் உண்டு; இல்லாமையை நிரூபிக்க ஏழையிடம் அவனுடைய வாய்மொழியைத் தவிர என்ன இருக்கிறது? கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று படியேறும் அந்தச் சான்றிதழ் ஓராண்டுக்குச் செல்லும். குடும்பத்தின் நிலையோ ஓராண்டு காத்திருந்து மாறுவதில்லை.

வங்கியின் கல்விக்கடன் 2001 முதல் நாட்டில் நடைமுறையிலிருக்கும் நல்ல ஏற்பாடுதான். நான்கு லட்சம் வரையில் ஈடு கேட்கலாகாது என்பதும் அதன் விதி. எனினும் பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும் என்பதால், வேலையற்ற தந்தையின் கையெழுத்தைப் பார்த்ததும் வங்கியாரின் பேனாவுக்கு இயல்பாகவே தயக்கம் வந்துவிடுகிறது. ஒரு வாயிலில் வருமானம் அதிகம் என்று தள்ளப்பட்டவர், அடுத்த வாயிலில் வருமானமே இல்லை என்று தள்ளப்பட்டார்! வருங்கால வைப்பு நிதியில், ஒரு மாதம் வேலையின்றி இருந்தால் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளலாம் என்ற மாற்றம் 2018-இல் வந்தது. முதுமைக்கென்று வைத்ததை இப்படி எடுத்துத் தின்பதற்குப் பெயர் உதவி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அமெரிக்காவிலும் கல்லூரி உதவிக்கு முந்தைய ஆண்டுகளின் வரிக்கணக்கைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் 1965-ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டத்தைத் தழுவிய அவர்களுடைய விதிகளில் ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது: தந்தைக்கோ தாய்க்கோ வேலை போய்விட்டால், கல்லூரியின் உதவிநிதி அதிகாரி ஆதாரங்களைப் பார்த்துத் தம் விவேகத்தின்படி அந்தக் கணக்கைத் திருத்தலாம். எல்லோருக்கும் திருத்துகிறார்களா என்பது வேறு விஷயம்; திருத்தும் அதிகாரம் ஒரு மனிதரிடம் இருக்கிறது.

இதே அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில் வீற்றிருந்த இராஜேந்திர சோழனின் காலத்தில், எண்ணாயிரம் என்னும் ஊரின் கல்லூரியில் பயின்ற 340 மாணவர்க்கு அளந்த நெல்லைக் கல்வெட்டு விவரிக்கிறது. இளைய மாணவனுக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி. வேதம் ஓதுவோர்க்கு மட்டுமே திறந்திருந்த கதவு அது. அதைப் பொற்காலம் என்று கொண்டாட நான் வரவில்லை. ஆயினும் பசி நாள்தோறும் வருவது என்ற பிரத்தியட்ச ஞானம் அந்த அளவையில் இருக்கிறது. நம்முடைய உதவித்தொகையோ பல சமயம் பருவத்தேர்வு முடிந்த பிறகு வந்து சேர்கிறது.

விண்ணப்பத் தாளில், ‘சென்ற ஆண்டுக்குப் பின் பெற்றோரின் வேலையில் மாற்றம் உண்டா?’ என்று ஒரு வரி சேர்க்கலாம். ‘ஆம்’ என்பவரை நேரில் விசாரித்து முடிவு செய்யும் உரிமையை வட்டாட்சியருக்கோ கல்லூரி முதல்வருக்கோ அளிக்கலாம். பொய்யர் சிலர் நுழைவார்கள் என்பார்கள். நுழையட்டும், சான்றிதழ் கேட்கும் இடங்களில் மட்டும் அவர்கள் நுழையாமலா இருக்கிறார்கள்?

கல்லூரியார் மூன்று தவணைக்கு இசைந்தார்கள். முதல் தவணையை மனைவியின் சங்கிலியை அடகு வைத்துக் கட்டினார். இரண்டாவது தை மாதத்தில். நண்பர் இப்போது பெரம்பலூரில் ஒரு வெங்காய மண்டியில் கணக்கு எழுதுகிறார், சம்பளம் 12,000. அடுத்த ஆண்டு உதவித்தொகைக்கு அவருடைய வருமானம் வரம்புக்குள்தான் இருக்கும்.